அளந்த பிறகே கை வைக்கும் பட்டறை: என் எம்ஜிபியின் எஞ்சின் வேலை

பர்மிங்ஹாமுக்கு வடக்கே ஒரு பழைய தொழிற்பேட்டையில் இரண்டே ஆட்கள் நடத்தும் எஞ்சின் பட்டறை ஒன்று இருக்கிறது. என் 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த மேல்பாகமுள்ள பழைய காரின் எஞ்சினை அங்கே கொடுத்து முழு வேலையும் செய்து வாங்கியிருக்கிறேன். பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். கையில் இருக்கும் வேலையை முடிக்கவே நேரம் போதவில்லை, புதிதாகக் கூட்டம் வந்தால் தரம் குறைந்துவிடும் என்பது அவர் கவலை. அதை மதித்துப் பெயரில்லாமலே எழுதுகிறேன். அவர்கள் என்ன செய்தார்கள், எந்த வரிசையில் செய்தார்கள் என்று தெரிந்தால், உங்கள் ஊரில் உள்ள பட்டறையில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டனில் தயாரான கார். கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இதன் எஞ்சின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் வகை: 1798 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், பிளாக்கின் பக்கவாட்டில் ஓடி வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், அதன் அசைவை மேலே கொண்டுபோகும் புஷ்ராட், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். புதிதாக வந்த காலத்தில் 95 குதிரைத்திறன் என்று சொன்னார்கள். நம் ஊர் அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே குடும்பம்தான். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மட்டும் அதில் 73, இதில் 80.26.

அப்பா திருச்சியில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். எஞ்சின் வேலை வந்தால் லேத் பட்டறையில் பிளாக்கை இறக்கிவிட்டு, வேலை முடியும்வரை அங்கேயே நிற்பார். சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது, பிஸ்டன் ரிங்கை போருக்குள் வைத்து அடியில் விளக்கைப் பிடித்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவரிடம் நான் பார்த்தவை. இந்தக் காரை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். திறந்து பார்த்தால் எனக்குப் புரியக்கூடிய எஞ்சின் இது.

எஞ்சின் தேய்ந்துவிட்டது என்பதை முதலில் காட்டியது ஆயில் அழுத்தம். நல்ல நிலையில் உள்ள எம்ஜிபி, சூடான பிறகு ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரையும், நின்றபடி ஓடும்போது 10 முதல் 25 வரையும் காட்ட வேண்டும் என்பது கம்பெனிக் கையேட்டின் கணக்கு. என்னுடையது 50 மைல் வேகத்திலேயே 35-ஐத் தாண்டவில்லை. சிக்னலில் நின்றால் முள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்னால் நீலப் புகை. காலை எடுத்து மீண்டும் அழுத்தும்போது மட்டும் புகை வந்தால் வால்வு கைடுகளை, அதாவது வால்வின் தண்டு ஓடும் குழல்களை, சந்தேகிக்கலாம். அழுத்திக்கொண்டே இருக்கும்போதும் வந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். என் காரில் இரண்டும் இருந்தன. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்தேன். மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தபோது ஏறியது. வால்வு வழியாகப் போயிருந்தால் ஆயில் ஊற்றினாலும் ஏறாது. ஆக, ரிங்கும் போரும்தான்.

முதலில் வேறொரு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். காரின் ஆண்டைச் சொன்னதுமே விலை சொல்லிவிட்டார்கள். உங்கள் எஞ்சினைக் கொடுங்கள், ஏற்கெனவே தயாராக உள்ள ஒன்றைத் தருகிறோம், போர் நாற்பது, கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) இருபது, ஒரே வாரத்தில் ஓட்டலாம் என்றார்கள். தேய்மானத்தைப் போக்க எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் சொல்லும் எண்கள் அவை. எஞ்சினைப் பார்க்காமல் அளவு சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது போன்றது. அதோடு, காரோடு பிறந்த பிளாக்கைக் கொடுத்துவிட்டு யாருடையதோ ஒன்றை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. பழைய கார் சந்தையில் எஞ்சின் எண் ஆவணத்தோடு பொருந்துவதற்குத் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பு இல்லாவிட்டாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

இந்தப் பட்டறைக்காரர் முதல் பேச்சிலேயே விலை சொல்ல மறுத்தார். “பிரித்து, கழுவி, அளந்த பிறகு சொல்கிறேன். அதுவரை ஆகும் செலவு இவ்வளவு. விலை பிடிக்கவில்லை என்றால் உறுப்புகளைப் பெட்டியில் போட்டுத் தருகிறேன், எடுத்துக்கொண்டு போகலாம்” என்றார். அந்த ஒரு பேச்சிலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

எம்ஜிபியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுப்பது வசதி. வாடகை கிரேன் வைத்து நண்பரோடு சேர்ந்து நானே இறக்கினேன். கிளட்ச் மாற்றுவதற்கும் இந்தக் காரில் எஞ்சினை இறக்கியாக வேண்டும் என்பதால், கிளட்சையும் கார்பன் ரிலீஸ் பேரிங்கையும் நல்ல நிலையில் இருந்தாலும் இப்போதே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பிரிக்கும் நாளில் என்னை வரச் சொல்லியிருந்தார். இதை எல்லாப் பட்டறையும் செய்யாது. கிராங்கைத் தாங்கும் ஒவ்வொரு மெயின் பேரிங் மூடிக்கும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததற்கு அடையாளமிட்டார். புஷ்ராடுகளை இருந்த வரிசையிலேயே அட்டையில் குத்தி வைத்தார். பிஸ்டனைக் கழற்றித் தலையைத் துடைத்தபோது அதில் 020 என்று பொறித்திருந்தது. அதாவது முன்பே ஒரு முறை போர் செய்து, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, நம் பட்டறை வழக்கில் இருபது தௌ, பெரிதாக்கியிருக்கிறார்கள். தொலைபேசியில் விலை சொன்னவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

பிறகு அளவெடுத்தார். போர் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்து, எண்களைச் சாக்கட்டியால் பிளாக்கின் மேலேயே எழுதினார். சிலிண்டர் தேய்வது வட்டமாக அல்ல. வெடிப்பின் அழுத்தத்தில் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரையே சாய்த்துத் தள்ளுகிறது; ரிங் மேலே வந்து திரும்பும் இடத்தில் ஆயிலும் குறைவு, சூடும் அதிகம். அதனால் மேலே ஒரு பக்கம் குடைந்து, கீழே ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும். மூன்றாவது சிலிண்டரில் மேலுக்கும் கீழுக்கும் எட்டு தௌ வித்தியாசம்.

இருபதிலிருந்து அடுத்த அளவு முப்பது. பத்து தௌ எடுத்தால் எட்டு தௌ தேய்மானம் மறைந்துவிடாதா என்று கேட்டேன். மறையாது என்றார். போர் செய்யும் கருவியை, தேயாத அடிப்பகுதியை மையமாக வைத்து நிறுத்த வேண்டும். எட்டு தௌவில் பெரும்பங்கு ஒரே பக்கச் சுவரில் போயிருக்கிறது. முப்பதுக்குப் போர் செய்தால் ஒரு பக்கம் ஐந்து தௌ மட்டுமே வெட்டும், அந்தப் பக்கத்தில் கருவி தொடாத பகுதி மிஞ்சிவிடும். மையத்தை நகர்த்தினால் சரியாகும், ஆனால் சிலிண்டர் கிராங்குக்கு நேராக நிற்காது. ஆகவே நாற்பது. தொலைபேசியில் விலை சொன்ன நிறுவனம் கொடுத்த அதே எண்தான். ஆனால் இவர் அந்த எண்ணுக்கு என் கண் முன்னே காரணம் காட்டினார். அறுபது வரை பிஸ்டன் கிடைக்கிறது. அதுவும் முடிந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதிய உறை போடலாம். நாற்பதில் 1798 சிசி சுமார் 1845 ஆகிறது. ஓட்டும்போது அந்த வித்தியாசம் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிஸ்டன்கள் கைக்கு வரும்வரை போர் செய்யவே இல்லை. வந்ததும் நான்கையும் தனித்தனியே மைக்ரோமீட்டரில் அளந்து, பிஸ்டன் தயாரிப்பாளர் கேட்கும் இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்குரிய பிஸ்டனுக்காகவே வெட்டினார். கடைசிச் சிறு அளவைக் கருவியில் எடுக்காமல் ஹோனிங் கல்லால் எடுத்தார். சுவரில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த கோடுகள்தான் ஆயிலைப் பிடித்து வைக்கின்றன. புதிய ரிங் அந்தக் கோடுகளின் முகடுகளில் தேய்ந்துதான் படிகிறது. கண்ணாடி மாதிரி பளபளக்கும் போரைக் காட்டி ஒரு பட்டறை பெருமைப்பட்டால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிராங்க்ஷாஃப்ட் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. 1964 இறுதிவரை எம்ஜிபியில் மூன்று மெயின் பேரிங்தான். அதன் பிறகு வந்தவை ஐந்து. அந்த ஐந்தும் அளவுக்குள் இருந்ததால் மெருகு மட்டும் கொடுத்தார். கனெக்டிங் ராடுகள் பற்றும் பகுதிகளான பிக் எண்ட் ஜர்னல்கள் நான்கிலும் கீறல் இருந்தது, பத்து தௌ கிரைண்டிங். அதற்கு முன் காந்தத் துகள் போட்டு விரிசல் பார்த்தார். ஜர்னல் முடியும் மூலையில் இருக்கும் சிறு வளைவைக் கூர்மையாக்காமல் கிரைண்ட் செய்ய வேண்டும், அங்கேதான் கிராங்க் உடையும் என்று கல்லின் ஓரத்தைக் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது கழுவிய விதம். பலர் பிளாக்கின் வெளிப்புறத்தைக் கழுவி வண்ணம் அடித்துவிடுவார்கள். இவர் ஆயில் போகும் துளைகளின் முனைகளை அடைத்திருந்த பிளக்குகளையெல்லாம் துளைத்து எடுத்தார். உள்ளே ஐம்பது ஆண்டுக் கறுப்புச் சேறு. நீண்ட குழாய்த் தூரிகையை விட்டு, சுடு திரவத்தில் ஊறவைத்து, மறுபடி தூரிகை விட்டு, காற்றடித்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை. போர் செய்த பிறகும் இதே கழுவல் மறுபடி நடந்தது, ஏனென்றால் ஹோனிங் கல்லின் துகள் ஒன்று உள்ளே நின்றாலும் புதிய பேரிங்குக்கு எமன். நீர் அறையில் படிந்திருந்த துருவையும் சுரண்டி எடுத்தார். முன்பு கோடையில் நெரிசலில் நின்றால் வெப்பமானி ஏறுவதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும், இப்போது ஏறுவதில்லை.

இதன் தொடர்ச்சியாக ஒரு நிபந்தனை போட்டார். பழைய ஆயில் கூலரை மீண்டும் பொருத்தினால் உத்தரவாதம் கிடையாது. எம்ஜிபியின் முன்னால் இருக்கும் அந்தக் கூலரின் மெல்லிய குழாய்களுக்குள் பழைய எஞ்சினின் உலோகத் துகள்கள் தங்கிவிடும். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகாது. புதிதாக வாங்கினேன். கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் குழாய்களையும் சேர்த்து மாற்றினேன். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஆகாது.

ஹெட்டை அழுத்தச் சோதனை செய்து விரிசல் இல்லை என்று உறுதி செய்த பிறகே அதில் வேலை தொடங்கியது. கைடுகள் எட்டும் புதியவை. எக்ஸாஸ்ட் வால்வுகள் மூடும்போது அமர்வதற்குக் கடினப்படுத்திய சீட்டுகள் பொருத்தினார். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய காப்பாக நின்றது. 2000-இன் தொடக்கத்தோடு இங்கே ஈய பெட்ரோலின் பொது விற்பனை நின்றுவிட்டது. அதன் பிறகு வார்ப்பிரும்புச் சீட் மெல்ல மெல்ல உள்வாங்கும். டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே விடும் இடைவெளி, அடிக்கடி குறைவதுதான் அதன் அறிகுறி. என் காரில் எக்ஸாஸ்ட் பக்கத்து இடைவெளியைச் சரிசெய்த சில மாதங்களிலேயே மறுபடி இறுகிக்கொண்டிருந்தது. ஹெட்டின் முகத்தை நேராக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒரு துளியும் சீவவில்லை. இன்னும் கொஞ்சம் சீவினால் கம்ப்ரஷன் கூடுமே என்றதற்கு, அடுத்த முறை வேலை செய்பவருக்கும் இரும்பு வேண்டுமே என்றார்.

வேலை தாமதமானதற்குக் காரணமான உறுப்பு டேப்பட், அதாவது கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே நிற்கும் சிறு உருளை. இதை வாங்கியது நான், பட்டறை அல்ல. இணையத்தில் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையிலிருந்து புதிய கேம்ஷாஃப்டும் எட்டு டேப்பட்டுகளும் வந்தன. டேப்பட்டின் அடிமுகம் மிக லேசாகக் குவிந்திருக்க வேண்டும்; அப்போதுதான் கேம் அதைச் சுழற்றிக்கொண்டே தள்ளும், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. வந்தவற்றில் சில தட்டையாக இருந்தன. நேர்விளிம்பை வைத்து வெளிச்சத்தில் காட்டினார். கடினச் சோதனையிலும் எட்டும் எட்டு விதம். பொருத்தியிருந்தால் கேமும் சேர்ந்து அழிந்து, அந்த இரும்புத் தூள் முழு எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வாரக்கணக்கில் இழுத்தடித்தார். பழைய காருக்குப் புதிய உதிரிபாகம் கிடைக்கிறது என்பது பெரிய வரம். ஆனால் பெட்டியில் புதிது என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பும் பட்டறையிடம் எஞ்சினைக் கொடுக்கக் கூடாது.

உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டும் வேலை நடந்தபோது நான் அங்கே இல்லை. ஆனால் கையால் எழுதிய இரண்டு பக்கத் தாள் எஞ்சினோடு வந்தது. ஒவ்வொரு பேரிங்கிலும் பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் இழையை வைத்து எடுத்த இடைவெளி, ஒவ்வொரு ரிங்கின் முனை இடைவெளி, மெயின் பேரிங் நட்டு 70 பவுண்டு-அடி, ஹெட் 50 என்று இறுக்கிய கணக்கு, கேம் டைமிங், எல்லாம் அதில் இருந்தன. அந்தத் தாளைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். திருச்சியில் அவருக்கு இப்படி யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, நின்று பார்த்தால்தான் உண்டு. வரிவரியாகப் படித்துவிட்டு, மூன்றாவது சிலிண்டரின் ரிங் இடைவெளி மட்டும் மற்றதைவிட ஏன் ஒரு தௌ கூடுதல் என்று கேட்டார். பட்டறைக்காரரிடம் அதையே கேட்டேன். அளவின் வரம்புக்குள் இருந்ததால் தொடவில்லை என்றார். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

குறைகளும் உண்டு. வேனிற்காலத் தொடக்கத்தில் தருவதாகச் சொன்னது கோடை முடிவில்தான் கிடைத்தது. டேப்பட்டால் போன நாட்களைக் கழித்தாலும் அது அதிகம். தொலைபேசியை எடுப்பதே அபூர்வம். தானாகக் கூப்பிட்டுத் தாமதம் என்று சொல்லும் வழக்கம் அறவே இல்லை. கிராங்க், ஃபிளைவீல், கிளட்ச் மூடி மூன்றையும் சேர்த்துச் சமநிலை செய்வது அடிப்படை விலையில் சேராது என்பதை ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முன்பே சொல்லியிருந்தாலும் செய்யத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் சொல்லியிருக்க வேண்டும். மொத்தச் செலவு 3,400 பவுண்டு. கூலர், கிளட்ச், கிரேன் வாடகை அதில் அடங்காது. மாற்று எஞ்சினுக்கு அந்த நிறுவனம் கேட்டதைவிட இது ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு அதிகம்.

எஞ்சினை ஏற்றிய பிறகு முதல் தடவை கிளப்புவதற்கும் தாளில் வழி எழுதியிருந்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் முள் எழும்வரை ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். பம்புக்குள் வாசலைன் அடைத்து அனுப்பியிருந்ததால் முள் விரைவாகவே எழுந்தது. பிறகு பிளக் போட்டுக் கிளப்பியதும், மெதுவாக ஓட விடாமல் உடனே நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு உயர்த்தி இருபது நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். கேமும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று படிவது அந்த இருபது நிமிடத்தில்தான். மெதுவாக ஓடினால் கேமின் மேல் தெறிக்கும் ஆயில் போதாது. ஆயில் 20டபிள்யூ-50, பழைய கார்களுக்கென்று துத்தநாகச் சேர்மம் கூடுதலாகப் போட்டுத் தயாரிப்பது. இன்றைய கார்களின் மெல்லிய ஆயில் இதற்கு உதவாது.

இப்போது சூடான எஞ்சின் நின்றபடி ஓடும்போது 20 பிஎஸ்ஐ, 50 மைல் வேகத்தில் 60. புகை இல்லை. மேடு ஏறும்போது மூன்றாவது கியரிலேயே சுகமாக இழுக்கிறது. நாற்பது ஆண்டைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்பதால், அதன் நிலையை நாமேதான் கவனித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு நான் ஐந்துக்கு நான்கரை தருவேன். அரையைத் தொலைபேசிக்காகக் கழிக்கிறேன்.

இப்படியொரு பட்டறையில் கொடுப்பவர்கள் டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர் மூன்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை மட்டும் கொண்டுபோங்கள். பட்டறையில் இடமும் மிச்சம், கூலியும் மிச்சம். பழைய ரசீதுகள் இருந்தால் எடுத்துப்போங்கள், முன்பு யார் எந்த அளவுக்குப் போர் செய்தார்கள் என்பது தெரியும். வாங்கி வந்த பிறகு முதல் 500 மைலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பட் இடைவெளியை எஞ்சின் ஆறிய நிலையில் 15 தௌவுக்கு வையுங்கள். அதுவரை 3000 சுற்றுக்கு மேல் போக வேண்டாம்; நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுவதையும் தவிர்த்து, ஏற்ற இறக்கமுள்ள கிராமத்துச் சாலைகளில் ஓட்டுங்கள்.